தோட்டத்துத் தாய்மாரும் தாதியர் கல்வியும் – ஒரு வரலாற்றுப் பார்வை



சில வாரங்களுக்கு முன் நான்காம் ஆண்டு மாணவர்களிடம் குடும்ப மரம் ஒன்றை வரைந்து வரும்படி பணித்திருந்தேன். கம்போங் ராஜாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் காய்கறிப் பண்ணைகளிலிருந்தும் வரும் பிள்ளைகள் அவர்கள். பாட்டி, பூட்டி என்று கேட்டறிந்து, இலை இலையாகப் பெயரெழுதி, வண்ணம் தீட்டி வந்திருந்தனர். ஒரு மாணவியின் மரத்தில் மட்டும் பூட்டியின் கிளையில் ஒன்பது இலைகள் இருந்தன. ஐந்தில் பெயர் இருந்தது. நான்கு இலைகள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. மறந்துவிட்டாள் போலும் என்றெண்ணி, "இவர்கள் யாரம்மா?" என்று வினவினேன்.

"செத்துப்போன பாப்பாங்க டீச்சர். பேரு வெக்கறதுக்குள்ளேயே போய்ட்டாங்களாம்."

அவளே சற்று நேரங்கழித்து என் மேசைக்கருகில் வந்து, "டீச்சர், மிஸ்ஸி ஆக எவ்வளவு படிக்கணும்?" என்று கேட்டாள். நம் நாட்டில் தாதியை மிஸ்ஸி என்று அழைப்பது தமிழர், மலாய்க்காரர் அனைவருக்கும் பொதுவான வழக்கம் என்பதை நீங்கள் அறிவீர்கள். எஸ்.பி.எம்.முக்குப் பின் மூன்று ஆண்டுகள் என்று விடையளித்து அனுப்பிவிட்டேன். ஆயினும் அந்த வெற்று இலைகளும் அவளது கேள்வியும் வெவ்வேறல்ல என்னும் எண்ணம் அன்றிரவு முழுதும் என்னை விட்டகலவில்லை. பேறுகாலத் தாயையும் பிறந்த குழந்தையையும் காப்பது எப்படி என்பதை ஒருத்தி முறையாகக் கற்றுக்கொள்வது என்பது எப்பொழுது தொடங்கியது? அந்தக் கல்வி நம் மலைத்தோட்டங்களுக்கு எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது? இக்கட்டுரையின் பொருள் இதுவே.

கேமரன் மலைக்கு அப்பெயர் வரக் காரணமான வில்லியம் கேமரன் இப்பகுதியை 1885இல் அளந்தார். தேயிலை வந்தது வெகுகாலம் கழித்துத்தான். ஜே. ஏ. ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை 1930களின் தொடக்கத்தில் முழுமை பெற்றது. வடக்கே கம்போங் ராஜாவுக்கு அருகிலுள்ள புளூவேலி உள்ளிட்ட தோட்டங்களில் காடழித்தவர்களும், கன்று நட்டவர்களும், கொழுந்து பறித்தவர்களும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் அவர்தம் மக்களுமே ஆவர். ஆண்கள் காட்டு வேலைக்கும் பெண்கள் கொழுந்துக்கும் எனப் பிரிக்கப்பட்ட தொழிலில், பெண்ணின் விரல்களே தோட்டத்தின் வருமானம். அப்பெண் கருவுற்றால் என்ன ஆகும் என்பதைச் சட்டமும் சிந்திக்கத்தான் செய்தது. அன்றைய கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் பேறுகாலப் பணப்படி இடம்பெற்றிருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று விதித்ததும் அதே சட்டத் தொகுப்புதான். நம் தமிழ்ப்பள்ளிகளும் தோட்டத்துத் தாயின் உரிமையும் ஒரே ஏட்டில் பிறந்தவை என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் சட்டம் பணப்படியைத்தான் பேசியது. பிள்ளையை யார் எடுப்பது? லயத்து வீட்டில், மண்ணெண்ணெய் விளக்கொளியில், அனுபவம் மிக்க முதிய பெண்மணி ஒருவர்தான் எடுத்தார். மருத்துவச்சி என்று அவரை மரியாதையோடு அழைத்தனர். அவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்று வயிற்றைத் தடவியே சொல்லக்கூடியவர். இரவென்றும் மழையென்றும் பாராமல் வந்தவர். பத்தியச் சாப்பாடும் காய மருந்தும் செய்துகொடுத்து, பெற்றவளின் உடலும் மனமும் தேறும்வரை உடனிருந்தவர். ஆனால் இரண்டு எதிரிகளை அவரால் வெல்ல இயலவில்லை.

முதலாவது எதிரி இரத்தப்போக்கு. குழந்தை பிறந்த பின்னர் கருப்பை சுருங்காவிடில் இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே தாய் இறந்துபோகக்கூடும். 1935இல் எர்கோமெட்ரின் என்னும் மருந்து கண்டறியப்பட்ட பின்னரே அதனை ஊசி ஒன்றால் கட்டுப்படுத்தும் வழி பிறந்தது. இரண்டாவது எதிரி கண்ணுக்குத் தெரியாத கிருமி. சுத்தமற்ற கத்தியால் தொப்புள்கொடியை அறுத்துச் சாம்பலையோ வேறெதையோ வைத்துக் கட்டும்பொழுது இசிவு நோய்க் கிருமி உட்புகும். பிறந்து ஏழெட்டு நாளில் குழந்தை பால் குடிக்க மறுக்கும், தாடை இறுகும், உடல் வில்லாய் வளையும். தோஷம் என்றும் காற்றுக் கருப்பு என்றும் நம் முன்னோர் எண்ணியவற்றில் ஒரு பகுதி இதுவாகவே இருந்திருக்க வேண்டும். கையைக் கழுவிவிட்டுப் பேறு பார்த்தால் தாய்மாரின் சன்னி குறையும் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் 1847இலேயே காட்டிவிட்டார். அந்தச் செய்தி ஒரு லயத்து வீட்டின் வாசலை எட்ட எத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதை எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இக்கல்வி தமிழருக்கு அந்நியமாக இருந்ததில்லை, தமிழ்மொழிக்குங்கூட அந்நியமன்று. சென்னையில் 1844இல் மகப்பேற்றுக்கெனத் தனி மருத்துவமனை தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் எழும்பூரில் நிலைபெற்றது அதுவே. அங்கு 1854இல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அவரது பணியின் பயனாக 1857இல் 'பிரசவ வைத்தியம்' என்னும் நூல் தமிழில் அச்சேறியது. மாணவர்களுக்காக அவர் தமிழில் அமைத்த கலைச்சொற்கள் இன்றும் வியப்பளிப்பவை. அவரிடம் பயின்று வெளிவந்தோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். ஆயினும் அவர்கள் ஆண்கள். பிரசவ வைத்தியத்தைத் தமிழில் படித்தவருக்குப் பிரசவ அறைக்குள் நுழைய அனுமதி கிடைப்பது அரிதாகவே இருந்திருக்கும்.

இந்த முடிச்சை அவிழ்த்தது வட ஆற்காடு. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தந்தையோடு தங்கியிருந்த ஓர் இரவில், மூன்று வீடுகளிலிருந்து மூன்று கணவன்மார் அடுத்தடுத்து வந்தனர். மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். மருத்துவரான தன் தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா கூறினார். ஆண் மருத்துவர் வேண்டாம், நீ வா என்றனர் அவர்கள். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1900இல் வேலூருக்குத் திரும்பினார். 1909இல் தாதியர் பயிற்சியும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அங்கே தொடங்கப்பட்டன. பலரும் மருத்துவப் பள்ளியையே பெருமையாகப் பேசுவர். தாதியர் பள்ளி அதற்கு ஒன்பது ஆண்டு மூத்தது என்பதை நான் மாணவர்களிடம் தவறாமல் சொல்வதுண்டு.

அதே வட ஆற்காட்டிலிருந்தும், சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்தும் கப்பலேறியவர்களே மலாயாத் தோட்டங்களை நிரப்பினர். வேலூரில் பெண்கள் தாதிமை பயின்றுகொண்டிருந்த அதே காலத்தில், அவ்வூர்ப்புறத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி இங்கே லயத்தில் விளக்கடியில் பிள்ளை பெற்றாள். தோட்டத்து மருந்தகத்தில் இருந்தவர் டிரசர். யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் பலர் அப்பணியில் இருந்தனர். காய்ச்சலுக்குக் கொயினாவும் காயத்திற்குக் கட்டும் அவர் கையில் கிடைத்தன. ஆனால் அவர் ஆண். திண்டிவனத்து இரவு நம் தோட்டங்களில் எத்தனை முறை மீண்டும் நிகழ்ந்திருக்கும் என்பதை எழுதிவைத்தவர் எவருமில்லை.

பிறந்த குழந்தை பிழைத்துவிட்டால் மட்டும் போதுமா? தாய் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தை ஆயாக் கொட்டகைக்குச் செல்லும். தாய்ப்பாலுக்கு மாற்றாகச் சீனி கலந்த டின் பால் வந்து சேர்ந்தது. இதனை வெளிப்படையாகக் கண்டித்த ஒருவரை நம் வரலாற்றுப் பாடங்களில் காணோம் என்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை. அவர் குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில் குவாசியோர்கர் என்னும் சத்துக்குறை நோயை மருத்துவ உலகிற்கு விளக்கியவர். 1936இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தவர். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு 'பாலும் கொலையும்' என்பதாகும். டின் பாலைக் குழந்தைக்கு ஏற்றதென்று விளம்பரப்படுத்துவதால் குழந்தைகள் சாகின்றன, அதனைக் கொலை என்றே கருத வேண்டும் என்று அவர் அஞ்சாமல் கூறினார். பின்னர்த் திரங்கானுவில் பணியாற்றியபோது போர் மூண்டது. சப்பானியர் அவரைச் சாங்கிச் சிறையில் அடைத்தனர். உயிரோடு மீண்ட அவர், 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கு உலகளாவிய நெறிமுறை 1981இல்தான் வந்தது. நாற்பத்திரண்டு ஆண்டு இடைவெளி!

போருக்குப் பின் 1950இல் தாதியர் பதிவுச் சட்டம் வந்தது. அவ்வாண்டில் மலாயாவில் ஓர் இலட்சம் பிறப்புக்குச் சுமார் 530 தாய்மார் இறந்தனர். நாடு விடுதலை பெற்ற 1957இல் அது ஏறத்தாழ 280. அவ்வாண்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் எழுபத்தைந்து பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. நாற்பது மாணவர் கொண்ட வகுப்பறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் மூன்று நாற்காலிகள் காலி. என் மாணவியின் பூட்டி வீட்டுக் கணக்கோ ஒன்பதுக்கு நான்கு.

இந்நிலை மாறியதற்குப் பெரிய மருத்துவமனைகளே காரணம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது முழு உண்மையன்று. 1956இல் தொடங்கிய கிராமச் சுகாதாரத் திட்டம் மூன்று அடுக்குகளைக் கொண்டிருந்தது. ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு பெரிய சுகாதார நிலையம், பத்தாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம், இரண்டாயிரம் பேருக்கு ஒரு பிடான் சிகிச்சையகம். இவற்றுள் மூன்றாவதே இதயம் போன்றது. பயிற்சி பெற்ற இளம் மருத்துவச்சி அச்சிறு கட்டடத்திலேயே குடியிருந்தாள். அழைத்தால் மிதிவண்டியில் வந்தாள். எதை வீட்டிலேயே பார்க்கலாம், எதை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்தறியும் கல்விதான் அவளது முதன்மைக் கருவி. கிராமத்து முதிய மருத்துவச்சியை அவள் விரட்டவுமில்லை. உருவுதல், குளிப்பாட்டுதல் போன்ற பேற்றுக்குப் பிந்திய பணிகளை அவரிடமே விட்டு, பிள்ளைப்பேற்றை மட்டும் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். இத்தகைய பண்பாட்டு நயம் கல்வித்துறையிலும் இருந்திருக்கலாமே என்று சில வேளைகளில் தோன்றும்!

1966இல் மருத்துவச்சியர் சட்டம் வந்தது. 1970களில் மூன்றடுக்கு இரண்டடுக்காயிற்று. பிடான்கள் மறுபயிற்சி பெற்று ஜுருராவாட் டேசாக்களாயினர். பேறு பார்ப்பதோடு குழந்தையின் எடையும் தடுப்பூசியும் குடும்ப நலமும் அவர்கள் பொறுப்பாயின. 1980களின் இறுதியில் கருவுற்ற தாயின் அட்டையில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என வண்ணக் குறியிடும் முறை வந்தது. இதனால் தாதி எந்தத் தாயைத் தானே பார்ப்பது, எவரை மருத்துவரிடம் அனுப்புவது என்பதை ஒரு பார்வையிலேயே அறிய முடிந்தது. 1991 முதல் பேறுகாலத்தில் இறக்கும் ஒவ்வொரு தாயின் மரணமும் தனித்தனியே ஆராயப்படுகிறது. யாரையும் தண்டிப்பதற்கன்று, எங்கே தவறியது என்று கற்பதற்கு. மலேசியாவும் இலங்கையும் தாய்மார் மரணத்தைக் குறைத்த வரலாற்றை 2003இல் இந்திரா பத்மநாதனும் அவர்தம் குழுவினரும் உலக வங்கிக்காக நூலாக எழுதினர். பெருஞ்செல்வம் சேரும்வரை காத்திராமல், பயிற்சி பெற்ற மருத்துவச்சியரை ஊர்தோறும் அமர்த்தியது இவ்விரு நாடுகளின் வெற்றிக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்பது அந்நூல் தரும் செய்தி.

தோட்டங்கள்? கிராமச் சுகாதாரத் திட்டம் கிராமங்களுக்கானது. தோட்டம் தனியார் நிலம்; அங்குள்ளவர் நலம் முதலாளியின் பொறுப்பு என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆகவே கம்பத்துப் பெண்ணுக்கு இரண்டாயிரம் பேருக்கொரு மருத்துவச்சி வாய்த்தபோது, தோட்டத்துப் பெண்ணுக்குத் தோட்டத்து மருந்தகமும், எப்போதோ வந்து செல்லும் மருத்துவருமே வாய்த்தனர். 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. அது டிரசரின் தகுதியை ஒழுங்குபடுத்தியதேயன்றி, ஒரு பெண் தாதியை ஒவ்வொரு தோட்டத்திலும் அமர்த்தவில்லை. நல்ல நிர்வாகமுள்ள தோட்டங்களில் நிலைமை மேம்பட்டிருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. இருப்பினும் ஒரு தாயின் உயிர் நிர்வாகியின் நல்ல மனத்தைச் சார்ந்திருந்தது என்பதே என் மனத்தை உறுத்துகிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தந்த அறுபது நாள் பேறுகால விடுப்பு 2023 சனவரி முதல் நாள்தான் தொண்ணூற்றெட்டாயிற்று.

மலையில் இன்னொரு தடையும் இருந்தது, அது பாதை. கம்போங் ராஜாவிலிருந்து தானா ராத்தா மருத்துவமனை இருபது கிலோமீட்டருக்கு மேல். சிம்பாங் பூலாய்ச் சாலை 2000களின் தொடக்கத்தில் திறக்கப்படும்வரை ஈப்போவுக்குச் செல்ல வேண்டிய தாய், தாப்பா வரை அத்தனை வளைவுகளிலும் இறங்கியே ஆக வேண்டும். என் மாணவியின் பாட்டி தன் இரண்டாவது மகனைக் கொழுந்து லாரியில் பெற்றதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். "பயமா இல்லையா பாட்டி?" என்று கேட்டேன். "பயந்து என்னா பண்றது டீச்சர், வளைவு வளைவாத்தானே போவும்" என்றார்.

இன்று தாதியர் கல்லூரியில் ஒருத்தி எதைக் கற்கிறாள் என்று பெற்றோர்கள் அறிந்திருப்பது நலம். கருவுற்ற தாயின் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் உள்ள புரதத்தையும் பார்த்து வலிப்பு வருமுன் அறிய வேண்டும். குழந்தை பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், அனிச்சைச் செயல், நிறம் ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் இட வேண்டும். 1950களின் தொடக்கத்தில் வர்ஜீனியா ஆப்கார் என்னும் பெண் மருத்துவர் வகுத்த முறை இது. நாம் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இடத் தொடங்கும் மதிப்பெண்ணை அவர்கள் ஒரு நிமிடத்திலேயே இட்டுவிடுகிறார்கள்! ஈரத்தைத் துடைத்துத் தாயின் மார்போடு சேர்த்து வெப்பம் காப்பது எங்கும் தேவை; இரவில் குளிர் நடுக்கும் நம் மலையில் அது உயிர்நாடி. வைட்டமின் கே ஊசி, பி.சி.ஜி., கல்லீரல் அழற்சித் தடுப்பூசி ஆகியவை அதன்பின். முதல் இருபது நாள்களில் தாதி பலமுறை வீடு தேடி வருவதும் நம் நாட்டின் சிறப்பு. குளிருக்கு அஞ்சிச் சன்னலை அடைத்து இருட்டறையில் குழந்தையைப் போர்த்தி வைப்போர் மஞ்சள் காமாலையைக் கவனிக்காமல் விட்டுவிடுவர். அவள் குழந்தையை வெளிச்சத்திற்குக் கொண்டுவரச் சொல்வது அதற்காகத்தான். தாதி கதவைத் தட்டினால் தயவுசெய்து திறந்துவிடுங்கள்.

இன்று மலேசியாவில் ஆயிரம் பிறப்புக்கு இறக்கும் குழந்தைகள் ஆறு அல்லது ஏழு. ஆயினும் தேயிலைச் சரிவுகளில் இப்போது கொழுந்து எடுப்போரில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் மிகுதி. அரசுச் சிகிச்சையகத்தில் அயல்நாட்டுப் பெண்ணுக்குக் கட்டணம் வேறு. நம் பூட்டிகள் நின்ற இடத்தில் இன்று நிற்பவள் அவள். காய்கறிப் பண்ணையில் நிறைமாதத்தோடு கூடை சுமந்த ஒருத்தியை அண்மையில் கண்டபோது, நான் குடும்ப மரத்தின் வெற்று இலைகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அம்மாணவி மறுபடியும் என் மேசைக்கு வந்தாள். அறிவியலும் கணிதமும் மலாயும் ஆங்கிலமும் நன்றாக வர வேண்டும் என்றேன். தலையாட்டினாள். பிறகு தயங்கியவாறு, "நைட்லயும் வேலை இருக்குமா டீச்சர்?" என்றாள்.

"இருக்கும் கண்ணு. பாப்பா பகல்லதான் பொறக்கும்னு இல்லையே."

"அப்பா விட மாட்டாரு. பொம்பளப் புள்ள ராத்திரி வேலைக்குப் போறதா, டீச்சர் ஆவுன்னு சொல்றாரு."

ஆசிரியத் தொழிலை அவர் உயர்வாக எண்ணுவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் தம் குடும்பத்திலேயே ஒருவர் கொழுந்து லாரியில் பிறந்தவர் என்பதை அவர் அறிவாரா என்று தெரியவில்லை. வரும் சனிக்கிழமை தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாள். அப்பாவைக் கட்டாயம் அழைத்து வரும்படி சொல்லியிருக்கிறேன். குடும்ப மரத்தை இன்னும் அவளிடம் திருப்பித் தரவில்லை. என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.